விண்வெளி ஆட்டத்துக்குப் புழுத்துளைப் பாதைகள் அமைப்பது: அடி முதல் முடி வரை ஒரு வழிகாட்டி

என் விண்வெளி ஆட்டம் ஓரளவு ஓடத் தொடங்கியதும் அக்கா மகனிடம் லேப்டாப்பைக் கொடுத்து விளையாடச் சொன்னேன். முக்கால் மணி நேரம் ஆசையாக விளையாடினான். பிறகு ஒரு புழுத்துளைக்குள், அதாவது தொலைவான இரண்டு இடங்களை இணைக்கும் விண்வெளிக் குறுக்குவழிக்குள், நுழைந்து, சிவப்புக் குறு விண்மீன் ஒன்றைச் சுற்றியிருந்த ஆளரவமற்ற மண்டலத்தில் போய் விழுந்தான். வந்த துளை ஒருவழி. பக்கத்து மண்டலத்துக்குப் போவது ஒரு தாவல். கையில் இருந்த எரிபொருள் 2 தாவலுக்குத்தான் வரும், எரிபொருள் நிரப்பும் நிலையமோ 3 தாவல் தள்ளி. "சித்தி, இங்கேருந்து எப்படி வெளியே போறது?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை. லேப்டாப்பை மெதுவாக மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

அன்று ராத்திரி வரைபடத்தை எடுத்துப் பார்த்தபோது புரிந்தது. பார்க்க நன்றாக இருந்த இடங்களில் எல்லாம் துளைகளை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போயிருந்தேன். அத்தனையும் சேர்ந்து ஒரே பாதையமைப்பு என்ற நினைப்பு எனக்கு வரவே இல்லை. அதற்குப் பிறகு அந்த வரைபடத்தை மூன்று முறை அடியோடு கலைத்துக் கட்டினேன். அதில் கற்றதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

புழுத்துளை வைக்கும்போது ஆட்டத்தில் எந்தத் தூரத்தை அழிக்கிறோம், எந்தத் தூரத்தை மிச்சம் வைக்கிறோம் என்று தீர்மானிக்கிறோம். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒரு தீர்மானத்தைத்தான் வேறு வேறு கோணத்தில் கேட்கிறது.

இயற்பியலில் இருந்து எடுக்க வேண்டியதை எடுங்கள்

1935இல் ஐன்ஸ்டீனும் நேத்தன் ரோசனும் பொதுச் சார்பியல் சமன்பாடுகளில் இருந்து இரண்டு வெளிகளை இணைக்கும் ஒரு பாலத்தைக் கணக்கில் காட்டினார்கள். 'வார்ம்ஹோல்' என்ற பெயர் 1957இல் ஜான் வீலரும் சார்ல்ஸ் மிஸ்னரும் எழுதிய கட்டுரையில் வந்தது. அந்த வகைப் பாலம் ஒளிகூடக் கடந்து முடிப்பதற்குள் நடுவில் அறுந்துபோகும் என்று 1962இல் வீலரும் ராபர்ட் ஃபுல்லரும் காட்டினார்கள். 1988இல் மைக்கேல் மோரிஸும் கிப் தோர்னும், மனிதர் கடந்துபோகும்படியான புழுத்துளைக்கு என்னென்ன தேவை என்று எழுதினார்கள். துளையின் நடுவே உள்ள தொண்டை மூடிக்கொள்ளாமல் இருக்க, எதிர்மறை ஆற்றல் அடர்த்தி உள்ள விசித்திரப் பொருள் வேண்டும் என்பது அதில் வந்த முடிவு.

ஆட்டம் செய்கிறவருக்கு இதில் பெரிய புதையல் இருக்கிறது. துளை இயல்பிலேயே மூடப் பார்க்கிறது, திறந்து வைக்க ஏதோ ஒரு பொருள் செலவாக வேண்டும். ஆயுள், எடை வரம்பு, திறவுகோல் ஆகிய மூன்று விதிகளும் இந்த ஒரு உண்மையிலிருந்தே இயல்பாகக் கிளைக்கும். விளையாடுகிறவருக்கும் அவை திணித்த சட்டமாகத் தோன்றாது.

ஒன்றை மட்டும் விட்டுவிடுங்கள். துளையின் ஒரு வாயை வேகமாக நகர்த்தினால் இரு வாய்களுக்கும் நடுவில் நேர வித்தியாசம் உண்டாகும் என்றும் 1988இலேயே மோரிஸ், தோர்ன் குழுவினர் காட்டினார்கள். அதை ஆட்டத்துக்குள் கொண்டுவந்தால் கதையும் சேமிப்புக் கோப்பும் சேர்ந்து சிக்கலாகும். காலப் பயணமே உங்கள் ஆட்டத்தின் மையம் என்றால் ஒழிய, எல்லா மண்டலத்துக்கும் ஒரே கடிகாரம் போதும்.

தூரத்தை நிமிடத்தில் எழுதுங்கள்

ஒளியாண்டு திரையில் காட்டுவதற்கு. வடிவமைக்க உட்காரும்போது நிமிடம்தான் அலகு. ஒரு தாளை எடுத்து நான்கு கேள்விக்கு எண்ணில் பதில் எழுதுங்கள். பக்கத்து மண்டலத்துக்குப் போக எத்தனை நிமிடம்? சொந்த ஊர் மாதிரி பழகிய நிலையத்திலிருந்து முதல் முறை அந்நியமாகத் தோன்றும் இடம் வரை எத்தனை? வரைபடத்தின் இரு கோடிகளுக்கு நடுவே துளை இல்லாமல் எத்தனை? துளை தெரிந்தவருக்கு எத்தனை?

என் ஆட்டத்தில் நான் எழுதிய பதில்கள்: 2, 15, 60, 20. கடைசி இரண்டு எண்களுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் புழுத்துளையின் மதிப்பு. அறுபதை ஐந்தாக்கினால் வரைபடம் ஒரு கூடத்து அளவுக்குச் சுருங்கிவிடும். ஐம்பதாக்கினால் துளையைத் தேட யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

துளையே இல்லாமல் வரைபடத்தை முதலில் முடியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கத்தான் எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். குறுக்குவழி என்று ஒன்றைச் சொல்ல, முதலில் நெடுவழி இருக்க வேண்டும். பரமபதக் கட்டத்தில் எண்களை எழுதி முடித்த பிறகுதானே ஏணியும் பாம்பும் வரைவோம்?

விண்மீன்களைத் தூவ, ராபர்ட் பிரிட்சன் 2007இல் எழுதிய பாய்சான் வட்டு முறை நன்றாக வேலை செய்கிறது. எந்த இரண்டு புள்ளியும் குறிப்பிட்ட தூரத்துக்குள் நெருங்காமல், அதே சமயம் கட்டம் போட்டது போலவும் தெரியாமல் தூவிக் கொடுக்கும். அடுத்து எந்தெந்த விண்மீன்களை இணைப்பது என்பதற்கு நான் கேப்ரியல் கிராஃப் முறையைப் பயன்படுத்துகிறேன். இரண்டு விண்மீன்களுக்கு நடுவில் உள்ள கோட்டையே விட்டமாக வைத்து ஒரு வட்டம் வரையுங்கள். வட்டத்துக்குள் வேறு விண்மீன் இல்லையென்றால் இணைப்பு இருக்கட்டும், இருந்தால் வேண்டாம். எந்த விண்மீனும் தனித்து விடப்படாது, கோடுகள் ஒன்றையொன்று வெட்டாது, பார்க்கவும் இயற்கையாக இருக்கும். இதில் சில இணைப்புகளை அறுத்து இடுக்கான வழிகளை உண்டாக்குங்கள். அறுக்கும்போது வரைபடம் இரண்டு துண்டாகப் பிரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள்.

எல்லாம் ஒரே விதை எண்ணிலிருந்து, அதாவது கணக்கைத் தொடங்கி வைக்கும் ஒரே எண்ணிலிருந்து, பிறக்கட்டும். 1984இல் வந்த எலீட் ஆட்டம், 32 கிலோபைட் நினைவகம் உள்ள பிபிசி மைக்ரோ கணினியில் 8 விண்மீன் கூட்டங்கள், ஒவ்வொன்றிலும் 256 மண்டலங்கள் என்று காட்டியது. எதையும் சேமித்து வைக்கவில்லை, சில எண்களிலிருந்து ஒவ்வொரு மண்டலத்தையும் தேவைப்படும்போது கணக்கிட்டுக்கொண்டது. இன்று நினைவகம் ஏராளமாக இருந்தாலும் இந்த ஒழுக்கம் உங்களைக் காப்பாற்றும். பொதுவான ரேண்டம் எண்ணை எல்லா இடத்திலும் அழைக்காமல், மண்டலத்தின் அடையாள எண்ணையும் விதை எண்ணையும் சேர்த்து ஹேஷ் செய்து (இரண்டையும் கலந்து, எப்போதும் அதே விடை வரும் புது எண்ணாக்கி) எடுங்கள். அப்போது ஒரு மண்டலத்தில் நீங்கள் ஏதாவது மாற்றினாலும் மற்றவை அசையாது.

எங்கே வைப்பது: நூறு மண்டல வளையம்

இதுதான் வழிகாட்டியின் இதயம். ஒரு தாளில் நீங்களே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது.

100 மண்டலங்கள் ஒரு வளையமாக இருக்கின்றன, 0 முதல் 99 வரை எண் கொடுத்திருக்கிறோம். பக்கத்து மண்டலத்துக்கு ஒரு தாவல். மிக அதிகத் தூரம் 50 தாவல். இப்போது 0க்கும் 50க்கும் நடுவே ஒரு துளை வையுங்கள், அதைக் கடக்க ஒரு தாவல். 0இலிருந்து 50க்கு முன்பு 50 தாவல், இப்போது 1. பிரமாதம் என்று தோன்றும். 25இலிருந்து 75க்குப் போங்கள் பார்ப்போம். துளை வழியாகப் போனால் 25, பிறகு 1, பிறகு 25, ஆகமொத்தம் 51. சுற்றிப் போனால் 50. அந்த இரண்டு மண்டலங்களைப் பொறுத்தவரை நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை. வரைபடத்தின் மிக அதிகத் தூரம் இன்னும் 50தான்.

இப்போது 25க்கும் 75க்கும் நடுவே இரண்டாவது துளையை வையுங்கள். மிக அதிகத் தூரம் ஒரேயடியாக 26க்கு இறங்கிவிடுகிறது. முதல் துளை சிலருக்கு மட்டும் வாழ்வு கொடுத்தது, இரண்டாவது துளை உலகத்தையே பாதியாகச் சுருக்கியது. இரண்டும் ஒரே மாதிரித் துளைதான். ஒரு துளையின் பலம் மற்றத் துளைகள் எங்கே இருக்கின்றன என்பதில் இருக்கிறது.

இதையே பெரிய அளவில் டங்கன் வாட்ஸும் ஸ்டீவன் ஸ்ட்ரோகாட்சும் 1998இல் காட்டினார்கள். ஒழுங்கான வலைப்பின்னலில் மிகச் சில இணைப்புகளை மட்டும் கண்டபடி மாற்றினாலே சராசரித் தூரம் செங்குத்தாக விழுகிறது. அவர்களுக்கு அது ஒரு கண்டுபிடிப்பு, நமக்கு எச்சரிக்கை. ஆசைப்பட்டு முப்பது துளை வைத்தால் பதினைந்தாவதுக்குள்ளேயே உங்கள் வரைபடத்தில் தூரம் தீர்ந்திருக்கும். ஒன்றை வையுங்கள், எல்லா ஜோடிகளுக்கும் தூரத்தை மறுபடி கணக்கிடுங்கள், பிறகு அடுத்ததை யோசியுங்கள்.

வாய் எந்த மண்டலத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு என் விருப்பம் இது. ஒரு வாய் ஆட்டக்காரர் அடிக்கடி கடக்கும் சாலையிலிருந்து 2 அல்லது 3 தாவல் விலகி, முட்டுச்சந்தில் இருக்கட்டும். சந்தையும் கப்பல் பட்டறையும் உள்ள மையத்தில் வாய் வைத்தால் அது பேருந்து நிலையமாகிவிடும், கண்டுபிடித்த உணர்வு வராது. இரண்டு வாயும் முட்டுச்சந்தில் இருப்பது அதைவிட மோசம். மறுமுனையில் ஆட்டக்காரர் வெளியே வந்ததும் ஏதாவது ஒன்று நடக்க வேண்டும்.

குறுக்குவழிகள் அதிகமானால் காவலுக்கு மதிப்பிருக்காது என்பதற்கு ஸ்டெல்லாரிஸ் என்ற விண்வெளி வியூக ஆட்டம் நல்ல சாட்சி. 2016இல் வெளிவந்தபோது வார்ப் (எந்தத் திசையிலும் நேராகப் பறப்பது), புழுத்துளை, விண்பாதை (நிலையான கோடுகள் வழியே மட்டும் போவது) என்று மூன்று பயண முறைகளில் ஒன்றை ஆட்டக்காரர் தேர்ந்தெடுக்கலாம். எந்தத் திசையிலிருந்தும் எதிரி வரலாம் என்பதால் எல்லைக் கோட்டைகளால் பெரிய பயன் இருக்கவில்லை. 2018 பிப்ரவரியில் வந்த 2.0 பதிப்பில் எல்லாரையும் விண்பாதைக்கு மாற்றினார்கள். புழுத்துளைகள் வரைபடத்தில் அரிதாகக் கிடைக்கும் இயற்கை அமைப்புகளாக மாறின. பலர் வருத்தப்பட்டார்கள், ஆனால் எதிரி கடந்தே ஆக வேண்டிய கணவாய்களுக்கு மதிப்பு வந்தது அதற்குப் பிறகுதான். அந்த முடிவு சரி என்றே நான் நினைக்கிறேன்.

துளைக்குச் சட்டம் போடுங்கள்

இதில் பாடம் படிக்க, பலர் இணையத்தில் சேர்ந்து விளையாடும் ஈவ் ஆன்லைன் ஆட்டத்தைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியாது. 2009 மார்ச்சில் அந்த ஆட்டத்தில் சுமார் 2,500 புதிய மண்டலங்களைச் சேர்த்தார்கள். அங்கே போக நிலையான வாயில் எதுவும் கிடையாது. புழுத்துளைகளைத் தேடுகருவி அனுப்பித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு துளைக்கும் ஆயுள் உண்டு, மொத்தம் எவ்வளவு எடை கடக்கலாம் என்ற வரம்பும் உண்டு, ஒரே தாவலில் எவ்வளவு எடை என்ற வரம்பும் உண்டு. பெரிய கப்பல் சின்னத் துளையில் நுழையாது.

இதிலிருந்து ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் அழகு. பிடிக்காத இடத்துக்குத் துளை திறந்தால், கனமான கப்பல்களை வேண்டுமென்றே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டி, எடை வரம்பைத் தீர்த்து அதை மூடிவிடுகிறார்கள். மூடிய துளைக்குப் பதில் வேறு ஒன்று பிறக்கும், அது எங்கே போகிறது என்று பார்க்கலாம். கணக்குத் தப்பினால் கடைசிக் கப்பல் அந்தப் பக்கமே மாட்டிக்கொள்ளும். மொத்த வரம்பு எழுதிய எண்ணிலிருந்து 10 விழுக்காடு கூடவோ குறையவோ இருக்கும் என்பதால் அந்தக் கடைசித் தாவலில் எப்போதும் நெஞ்சு படபடக்கும். ஒரே ஒரு நிச்சயமின்மையை, துல்லியமாக ஒரே இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

அதே ஆட்டத்தில் இன்னொரு நுணுக்கம்: ஒவ்வொரு புழுத்துளை மண்டலத்துக்கும் நிலையான துளை ஒன்றாவது உண்டு. அது மூடினால் அதே வகையான பகுதிக்கு இன்னொன்று திறக்கும். எந்த மண்டலம் என்று தெரியாது, எந்த வகை என்று தெரியும். ஆட்டக்காரர் அதை நம்பிக் குடியேறலாம். முழுக்க நிலையாக இருந்தால் சலிப்பு, முழுக்க நிலையில்லாமல் இருந்தால் திட்டமே போட முடியாது. இந்த நடு வழியை உங்கள் ஆட்டத்துக்கும் எடுத்துக்கொள்ளுங்கள்.

தனி ஆள் ஆட்டத்தில் இதைச் செய்ய எளிய வழி: ஆட்ட நேரத்தை ஒரு கால அளவால் வகுத்து வரும் முழு எண்ணை, துளையின் அடையாள எண்ணுடன் ஹேஷ் செய்து, இப்போது மறுமுனை எங்கே என்று கணக்கிடுங்கள். ஒவ்வொரு துளைக்கும் தொடக்கத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் எல்லாத் துளைகளும் ஒரே நொடியில் மாறி, ஆட்டக்காரர் குறித்து வைத்த அத்தனையும் ஒன்றாகப் பாழாகும்.

யாரும் சிக்கிக்கொள்ளாமல் பாருங்கள்

அக்கா மகன் மாட்டிய இடம் இது. ஒருவழித் துளை ஒன்று வந்துவிட்டாலே உங்கள் வரைபடம் திசையுள்ள கிராஃப், அதாவது சில கோடுகளில் ஒரே திசையில் மட்டும் போகக்கூடிய வலைப்பின்னல், ஆகிவிடுகிறது. எந்த மண்டலத்திலிருந்தும் எந்த மண்டலத்துக்கும் போக முடிகிறதா என்று பார்க்க ராபர்ட் டார்ஜன் 1972இல் கொடுத்த வழிமுறை இருக்கிறது. ஒரே ஓட்டத்தில், எந்தெந்த மண்டலங்கள் ஒன்றுக்கொன்று போய்வரும் கூட்டமாக இருக்கின்றன என்று பிரித்துக் காட்டும். முழு வரைபடமும் ஒரே கூட்டமாக வர வேண்டும். ஒன்றுக்கு மேல் வந்தால், உள்ளே போகலாம், வெளியே வர முடியாது என்ற பொறி எங்கோ இருக்கிறது.

அந்தச் சோதனையை மட்டும் நம்பியிருந்தால் அவனை நான் காப்பாற்றியிருக்க முடியாது. அவன் இருந்த மண்டலத்திலிருந்து வழி இருந்தது, எரிபொருள்தான் இல்லை. ஆகவே சோதனையை மாற்றினேன். ஒவ்வொரு துளையின் வெளிவாயிலிருந்தும், கப்பலில் 2 தாவலுக்குத்தான் எரிபொருள் மிச்சம் என்று வைத்துக்கொண்டு, ஒரு நிலையத்தை அடைய முடிகிறதா என்று பார்க்கச் சொன்னேன். பதினொரு துளையில் மூன்று தோற்றன. ஒன்றின் பக்கத்தில் கைவிடப்பட்ட எரிபொருள் தொட்டி வைத்தேன். இன்னொன்றின் வாயை இடம் மாற்றினேன். மூன்றாவதை எடுத்தே போட்டேன். இந்தச் சோதனை இப்போது ஒவ்வொரு முறை வரைபடம் உருவாகும்போதும் தானாக ஓடுகிறது.

வழி கண்டுபிடிக்கும் கணக்கு பொய் சொல்லும் இடம்

'இங்கே போக வழி காட்டு' என்ற பொத்தானுக்குப் பெரும்பாலானோர் 1968இல் வந்த ஏ-ஸ்டார் முறையை எடுப்பார்கள். இலக்குக்கு நேர்கோட்டுத் தூரம் எவ்வளவு என்று ஊகித்துக்கொண்டு தேடுவது அது. அந்த ஊகம் உண்மைத் தூரத்தைவிட ஒருபோதும் அதிகமாகக் கூடாது, அதுதான் நிபந்தனை. புழுத்துளை வந்ததும் நிபந்தனை உடைகிறது. நேர்கோட்டில் 80 ஒளியாண்டு தள்ளி இருக்கும் விண்மீன், துளை வழியே பக்கத்து வீடாக இருக்கலாம். பிழைச்செய்தி எதுவும் வராது, கணக்கு அமைதியாகத் தவறான வழியைக் காட்டிக்கொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது.

சில ஆயிரம் மண்டலம் வரை ஊகமே இல்லாத டைக்ஸ்ட்ரா முறை போதும், இன்றைய கணினியில் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அதைவிடப் பெரிய வரைபடம் என்றால் ஊகத்தைத் திருத்துங்கள். இங்கிருந்து மிக அருகில் உள்ள துளை வாய்க்கு நேர்கோட்டுத் தூரம், இலக்குக்கு மிக அருகில் உள்ள துளை வாயிலிருந்து இலக்குக்குத் தூரம், இரண்டையும் கூட்டுங்கள். அதையும் நேரடித் தூரத்தையும் ஒப்பிட்டு எது சிறியதோ அதை எடுங்கள். ஊகம் மறுபடி நேர்மையாகிவிடும்.

ஆட்டக்காரர் இன்னும் கண்டுபிடிக்காத துளைகளை இந்தக் கணக்கு தொடக்கூடாது. சொல்லாமலே தெரியும் என்று நினைப்பீர்கள். வழிகாட்டும் கோடு ரகசியத் துளைக்குள் புகுந்து போவதை என் ஆட்டத்திலேயே பார்த்தேன்.

கடந்துபோகும் அந்த மூன்று வினாடி

துளை வட்டமான கதவாகத் தெரியக்கூடாது. தாளில் போடும் ஓட்டை வட்டம், விண்வெளியில் போடும் ஓட்டை கோளம். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் உருண்டையாக, அதன் பரப்பில் மறுபக்கத்து வானம் முழுவதும் வளைந்து தெரிய வேண்டும். மறுமுனையிலிருந்து ஆறு திசைக்கும் படமெடுத்து, அந்தக் கியூப்மேப்பைக் கோளத்தின் மேல் ஓரங்களில் வளையும்படி ஷேடரில் (திரையின் நிறங்களைக் கணக்கிடும் சிறு நிரலில்) பூசினால் போதும். கப்பல் நெருங்கும்போதே மறுபக்க மண்டலத்தைப் பின்னணியில் லோட் செய்யத் தொடங்கிவிடுங்கள்.

ஆயப்புள்ளிகளை மாற்ற இதைவிட நல்ல சமயம் வேறு கிடையாது. 32 பிட் மிதவை எண்ணில் (தசம எண்களைக் கணினி வைத்துக்கொள்ளும் வடிவத்தில்) ஒரு மீட்டரை ஓர் அலகாக வைத்தால், மையத்திலிருந்து 100 கிலோமீட்டரில் எண்களுக்கு இடையே உள்ள படி சுமார் 8 மில்லிமீட்டர், 10,000 கிலோமீட்டரில் 1 மீட்டர். கப்பல் நடுங்கத் தொடங்கும். ஆகவே ஒவ்வொரு மண்டலத்துக்கும் தனி மையம் கொடுங்கள். துளையைக் கடக்கும் நொடியில் பழைய மையத்தைக் கைவிட்டுப் புதியதற்கு மாறுங்கள், யாருக்கும் தெரியாது.

கப்பலின் வேகத்தை நுழைவாயைப் பொறுத்த திசையில் எடுத்து, வெளிவாயின் திசைக்குத் திருப்பிக் கொடுங்கள். வேகத்தைப் பூஜ்யமாக்கினால் கை உடனே உணர்ந்துவிடும். வெளியே வந்த கப்பல் வெளிவாயின் எல்லைக்குள்ளேயே இருப்பதால் அடுத்த நொடியே திரும்பவும் உள்ளே இழுக்கப்படும். இத்தனை நொடிக்குத் தடை என்று வைக்காமல், கப்பல் எல்லையை விட்டு முழுவதும் வெளியேறிய பிறகுதான் துளை மறுபடி வேலை செய்யும் என்று வையுங்கள்.

வரைபடத் திரை

ஒரு துளைக்கு மூன்று நிலை: தெரியாது, ஒரு முனை தெரியும், இரு முனையும் தெரியும். நடு நிலைதான் சுவை, அதற்கு நல்ல அடையாளம் வரையுங்கள். இரு முனைகளையும் நீண்ட கோட்டால் இணைத்தால் வரைபடம் சிலந்திக் கூடாகும். இரு முனையிலும் ஒரே குறியைப் போட்டு, ஒன்றைத் தொட்டால் மற்றது ஒளிரும்படி செய்யுங்கள்.

சோதனை

முதல் சோதனை கணினியில். எல்லா ஜோடிகளுக்கும் குறுகிய வழி கண்டு, ஒவ்வொரு துளை வழியாக எத்தனை வழிகள் போகின்றன என்று எண்ணுங்கள். உல்ரிக் பிராண்டஸ் 2001இல் கொடுத்த முறை இதை வேகமாகச் செய்யும். ஒரே துளை மற்றவற்றைவிடப் பல மடங்கு சுமந்தால் அதுதான் உங்கள் நெடுஞ்சாலை. வேண்டுமென்றே வைத்ததா, தற்செயலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்த வழியும் போகாத துளைக்குக் கதையில் ஒரு காரணம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது சோதனைக்கு ஒரு மனிதரும் ஒரு தாளும் வேண்டும். இரண்டு மணி நேரம் விளையாடிய பிறகு திரையை மூடிவிட்டு, போன இடங்களை நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். அக்கா மகன் போன மாதம் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்து கொடுத்தான். பதினான்கு மண்டலம், நான்கு துளை. மூன்று துளையைச் சரியாகப் போட்டிருந்தான். நான்காவதன் மறுமுனையைப் பக்கத்து மண்டலத்தில் வரைந்திருந்தான். போய்ப் பார்த்தால் அந்த இரண்டு மண்டலத்துக்கும் ஒரே நிறத்தில் விண்மீன் கொடுத்திருந்தேன். ஒன்றை நீலமாக மாற்றிவிட்டு லேப்டாப்பை மறுபடி அவனிடம் கொடுத்தேன்.